குழாய் ஒழுகும் வீடு

— பதினேழு மாசமா ஒழுகாத குழாய் இன்னைக்கு எப்படி ஒழுகும் மாரி?

— ஒழுகுது நேசா. அடுப்படிக் குழாய். அடியில வாளி வச்சிருக்கேன்.

— ஏளா, அது நாம நெனச்சுக் கட்டுன வீடு. செங்கல்லு கெடையாது, சிமெண்டு கெடையாது. மத்தியானச் சோத்துக்கு மணியடிச்சதும் ஆபீஸ விட்டு ஓடியாந்து, இந்தக் கண்டெய்னர் நெழல்ல உக்காந்து, பேசிப் பேசியே கட்டுன வீடு. அதுல குழாய் ஒழுகணும்னா நம்ம ரெண்டு பேர்ல ஒருத்தர்தான் ஒழுக விடணும், கேட்டியா.

— நான்தான் விட்டேன்.

— எதுக்கு? நேத்துதான மாடியில ஊஞ்சல் மாட்டுனேன்.

— மாடி இல்ல.

— மாடி இல்லியா!

— ரெண்டு ரூமு. மேல ஆஸ்பெஸ்டாஸ். மத்தியானம் கொதிக்கும்.

— ஆண்டவரே! சன்னலத் தொறந்தா கப்பல் தெரியுமே, அதையாவது விட்டு வச்சியா?

— உப்புக் குவியல் தெரியும். கழுத்த வளைச்சா கிரேன் நுனி தெரியும்.

— கழுத்த வளைச்சா! உனக்கு என்னமோ ஆயிட்டு. காலையிலேர்ந்து ஷிப்பிங் பில்லாப் போட்டு மூளை சூடாயிருக்கும். இந்தா, மக்ரூன் தின்னு. வாயில கரையட்டும். பெறவு மாடியத் திருப்பிக் குடு.

— செவ்வாக்கெழம தண்ணி வராது.

— போதும் தாயி.

— துணி காயப்போட்டா கரித்தூசி படியும். வெள்ளைச் சட்ட போடாத.

— ஞாயித்துக்கெழம சர்ச்சுக்கு நான் வெள்ளைச் சட்டதான் போடுவேன், உனக்குத் தெரியாதா?

— சரி. வீட்டுக்குள்ள காயப்போடுதேன்.

— அக்கம்பக்கமாவது நல்ல சனமா?

— பக்கத்துல வீட்டுக்காரம்மா. நாம மீன் பொரிச்சா திட்டும். பொரிச்ச பெறவு ரெண்டு துண்டு கேக்கும்.

— இதெல்லாம் எங்கேர்ந்துளா புடிச்ச? அந்த வீட்டுல எம்புட்டு நல்லா இருந்தோம்! எங்கம்மா நாசரேத்துலேர்ந்து வந்தா, உன் நெத்திப் பொட்டப் பாத்தா, ஒரு வார்த்த சொல்லல. உங்க அண்ணன் தங்கதுரை வாரா வாரம் நுங்கு கொண்டாந்தாரு.

— அண்ணன் கொண்டாரல. நீதான் கொண்டாந்த, அவன் பேரச் சொல்லி.

— பின்ன? நெசத்துல அவரு என்ன கொண்டாருவாருன்னு எனக்குத் தெரியாதா? உங்க சித்தப்பா மவகிட்ட பேசுனவன் பைக்க உப்பளத்துல எறக்குனவரு. அந்தப் பய காலு இன்னும் நேராகல. எனக்குக் காலு வேணும் மாரி. ரெண்டும் வேணும்.

— அதான் சொல்லுதேன். அந்த வீட்டுல உன் காலுக்கு ஒண்ணும் ஆவாது. அரை மணி நேரத்துல மணியடிக்கும். நீ உன் சீட்டுக்குப் போயிருவ. நான் சாயங்காலம் ஓட்டப்பிடாரம் பஸ்ஸப் புடிச்சிருவேன்.

— நாளைக்குத் திரும்ப வருவோம்லா?

— நான் வரமாட்டேன்.

— என்னது?

— நாளையிலேர்ந்து அந்த வீட்டுக்கு வரமாட்டேன். அங்கன எல்லாம் நல்லாயிருக்கு. பஸ்ல போகும்போது எனக்கு அழுக வருது.

— ஏளா... லிஃப்ட் வச்சுத் தாரேன்.

— மாடியே இல்லன்னேன்.

— ஏசி?

— வேண்டாம்.

— கப்பலயே நம்ம வாசல்ல கொண்டாந்து கட்டுதேன். ஹார்பர்ல பேசிக்கிடலாம், எனக்கு ஆளு தெரியும்.

— சிரிக்க வைக்காத.

— சிரிச்சிட்டேல்லா!

— சிரிச்சேன். ஆனாலும் குழாய் ஒழுகுத வீடுதான் வேணும்.

— அதுல நான் இருக்கேனா?

— அது நீதான் சொல்லணும். இத்தன நாள்ல நான் ஒண்ணும் கேட்டதில்ல. எனக்குக் கேக்கத் தெரியல. வெக்கமா இருக்கும். அதான் குழாயச் சொன்னேன்.

— மாரி...

— ம்.

— ஒரு காலு போனாலும் இன்னொண்ணு இருக்கும்லா?

— இருக்கும்.

— நொண்டிக்கிட்டே வாளி தூக்க முடியாதே.

— நான் தூக்குதேன்.

— அப்பம் எந்திரி.

— எங்க?

— ஓட்டப்பிடாரத்துக்கு. அரை நாள் லீவு சொல்லிட்டு வாரேன். உங்க அண்ணன் கடையில போயி நிப்பேன். “அண்ணாச்சி, தங்கச்சியக் குடுங்க, பைக்க நீங்களே வச்சுக்கிடுங்க”ன்னு சொல்லுவேன். சத்தம் நடுங்கும். நடுங்குனா நீ சிரிக்கக் கூடாது, கேட்டியா.

— நேசா...

— தடுக்காத. இப்பம் போகலன்னா சாயங்காலம் பயந்துருவேன். என்னைப் பத்தி எனக்குத் தெரியும்.

— தடுக்கல. அண்ணன் கடையில இல்ல.

— பின்ன எங்கன இருக்காரு? அங்கனயே போறேன்.

— இங்கனதான். நாலு தெரு தள்ளி. கையில பெரிய ஸ்பேனர் வச்சிருக்கான்.

— ஸ்பேனரா! தூத்துக்குடிக்கே வந்துட்டாரா? யாரு சொன்னா?

— நான்தான். முந்தாநாளு வீட்டுல உன் பேரச் சொல்லிட்டேன்.

— ஆண்டவரே! உங்கப்பா?

— இன்னும் பேசல. பீரோவத் தொறந்து எதையோ தேடிக்கிட்டே இருக்காரு. அருவாளா பட்டு வேட்டியான்னு தெரியல.

— அண்ணாச்சி?

— சோத்துத் தட்ட எறிஞ்சான். ராத்திரி பூராவும் முத்தத்துலயே நடந்தான். சித்தப்பா மவ இன்னைக்கு வரைக்கும் அவன்கூடப் பேசல. அது அவனுக்குத் தாங்கல போல. நேத்துக் காலையில வந்து, “அந்தப் பய தைரியமா வருவானாளா?”ன்னு கேட்டான்.

— நீ என்ன சொன்ன?

— வருவான்னு சொன்னேன்.

— என்னையக் கேக்காமலா?

— இப்பம் கேட்டுட்டேன்லா.

— சரி, அந்த ஸ்பேனரு?

— நேத்து ரெண்டு ரூமு வீடு ஒண்ணு புடிச்சு, சாவிய என் மடியில எறிஞ்சான் நேசா. இப்பம் அங்கன உக்காந்து குழாய் மாத்திக்கிட்டு இருக்கான்.