கீழை இசையியல் இதழ், நான்காம் தொகுதி

இன்ஸ்பெக்டர் சார், உங்கள் ஸ்டேஷன் காபி பரவாயில்லை. தண்ணீர் கொஞ்சம் தூக்கல், அவ்வளவுதான். சிறுவாணித் தண்ணீர் என்பதால் அதையும் மன்னித்துவிடலாம்.

பொற்கொடியின் அம்மா காளியாத்தாள் கொடுத்த புகாரைப் படித்தேன். யாரோ வக்கீல் குமாஸ்தா எழுதிக் கொடுத்திருக்கிறான். வரிக்கு ஒரு பிழை. சொல்ல வந்ததும் உருப்படியாக இல்லை. அதனால் நானே சொல்லிவிடுகிறேன்.

நான் கல்லூரியில் இசைத்துறைத் தலைவர். பொற்கொடி என்னிடம் பிஎச்.டி. செய்தவள். ஊர் வெள்ளகோவில் பக்கம். அப்பா இல்லை. அம்மா காட்டு வேலைக்குப் போவாள், சாவு விழுந்த வீடுகளில் ஒப்பாரி வைப்பாள். நான் ஜாதி பார்க்கிறவன் அல்ல. அவளுக்கு நான் தனி டம்ளர் வைத்ததில்லை. வீட்டுக்கு வரச் சொன்னதே இல்லை, அப்புறம் டம்ளருக்கு என்ன வேலை?

அவள் எடுத்துக்கொண்ட தலைப்பு ஒப்பாரி. மூக்குச் சிந்துவதையும் இசை என்று சொல்ல ஒரு கூட்டம் கிளம்பியிருக்கிற காலம், போகட்டும் என்று கையெழுத்துப் போட்டேன். கடைசியில் ஓர் அத்தியாயத்தைக் கொண்டுவந்து நீட்டினாள். ஒப்பாரியில் வரும் காந்தாரம், அதுதான் சார் ச-ரி-க-வில் வரும் 'க', நம் கச்சேரி இசையின் இரண்டு காந்தாரங்களுக்கும் நடுவில், தனக்கென்று ஓர் இடத்தில் நிற்கிறதாம். அடிக்கு அடி தவறாமல் அங்கேயே வந்து சேர்கிறதாம்.

"அழுகையில தப்பிப்போன சுருதி இல்லீங்கய்யா. அது ஒரு சுரமுங்க" என்றாள்.

ஒப்பாரிக்குச் சுரம் கிடையாது, அது வெறும் கூப்பாடு என்று நான் புத்தகமே எழுதியிருக்கிறேன். பாடத்திட்டத்தில் இருக்கிறது. அவள் சொல்வது சரியென்றால் அந்தப் புத்தகத்தைக் கிழித்துக் கடலை மடிக்கலாம்.

நான் திட்டவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை. "நல்லா இருக்குது அம்மணி. ஆனா ஹார்ட்விக் இதை அப்பவே எழுதிப்போட்டாரே. அதைப் பார்க்காம இந்த அத்தியாயம் நிக்காதே" என்றேன். ஒரு ஜெர்மானியர், முப்பதுகளில் வந்த கீழை இசையியல் இதழ், நான்காம் தொகுதி. வாயால்தான் சொன்னேன், எழுதிக் கொடுக்கவில்லை.

தேடினாள். பழைய இசை இதழைத் தேடுவது உங்கள் திருடனைத் தேடுவது மாதிரி இல்லை சார். கம்ப்யூட்டரில் தட்டினால் வரும் என்கிறார்கள், அதெல்லாம் அமெரிக்காவில். இங்கே அட்டைப் பெட்டியைத் துழாவி, நூலகர் சாப்பிட்டுவிட்டு வரும்வரை காத்திருந்து, கறையான் தின்றது போக மிச்சத்தைப் புரட்ட வேண்டும். சென்னை போனாள், தஞ்சாவூர் போனாள், கல்கத்தாவுக்குக் கடிதம் போட்டாள். ஒரு தடவை, பெயர் கொஞ்சம் ஒத்த வேறோர் இதழை நகலெடுத்துக்கொண்டு மைசூரிலிருந்து நேராக என் அறைக்கே ஓடிவந்தாள். நிதானமாகப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது இல்லை அம்மணி" என்றேன்.

அப்படி ஓர் இதழே கிடையாது. ஹார்ட்விக்கும் கிடையாது. சலித்துப்போய் ஊரைப் பார்க்கப் போய்விடுவாள் என்று நினைத்தேன். போகவில்லை. அந்த ஜனங்களுக்கு விடாப்பிடி அதிகம்.

உதவித்தொகை நின்றது, ஆய்வேட்டைக் கொடுக்க வேண்டிய கெடுவும் வந்தது. அப்போது நானே இரக்கப்பட்டேன். "நான் படிச்சதுதானே. சாரத்தைச் சொல்றேன், எழுதிக்க. எல்லாரும் செய்யறதுதான்."

"கண்ணுல பார்க்காம எப்படீங்கய்யா?"

"என்ற மேல நம்பிக்கை இல்லையா?"

எழுதிக்கொண்டாள். நானும் கையெழுத்துப் போட்டேன்.

வைவா என்கிற வாய்மொழித் தேர்வு அன்று, வெளியூர்த் தேர்வாளரிடம் போண்டா சாப்பிடும்போது அந்த மேற்கோளைக் கொஞ்சம் கேளுங்கள் என்றேன். அந்த மனிதருக்கு இசை தெரியாது, அடிக்குறிப்பு மட்டும் தெரியும். கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கூடம் நிறைய ஆட்கள். காளியாத்தாள் புதுச்சேலை கட்டிக்கொண்டு கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள்.

இந்த இதழை எங்கே பார்த்தாய் என்று தேர்வாளர் கேட்டார். பொற்கொடி என் பக்கம் திரும்பினாள். "நான் பார்க்கலைங்க. ஐயா படிச்சிருக்காங்க. அவங்க சொல்லித்தான் எழுதினேனுங்க."

"அப்படியொரு இதழை நான் கேள்விப்பட்டதே இல்லையே அம்மணி" என்றேன். குரலை உயர்த்தவில்லை.

பட்டம் போயிற்று. நெறியாளர் மேலேயே பழி போட்டவள் என்று அவள் பார்த்துவந்த பகுதிநேர வேலையும் போயிற்று. அந்த வாரம் அவள் தன்னை என்ன செய்துகொண்டாள் என்பது உங்கள் கோப்பிலேயே இருக்கிறது. நான் அவளைத் தொட்டதுகூட இல்லை. இல்லாத இதழைச் சொன்னதற்குச் சட்டத்தில் பிரிவு இருந்தால் தேடிப் பாருங்கள்.

துக்கத்துக்குப் போனேன். நெறியாளர் போகாவிட்டால் நன்றாக இருக்காது. காளியாத்தாள் மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒப்பாரி வைத்தாள். நான் வேப்பமரத்தடியில் நின்று கேட்டேன். காந்தாரம் நடுவில் வந்து நின்றது. அடுத்த அடியிலும் அங்கேயே நின்றது. தொண்டை கம்மிப்போன பிறகும் இடம் பிசகவில்லை. பொற்கொடி சொன்னது சரி. அது சுரம்தான். என் தோல்பையில் சின்ன டேப் ரெக்கார்டர் ஒன்று எப்போதும் இருக்கும். பைக்குள்ளேயே பொத்தானை அமுக்கினேன். இடையில் ஒரு நாய் குரைத்தது தவிர நல்ல பதிவு.

கட்டுரை தை மாதம் சென்னை இதழ் ஒன்றில் வருகிறது. என் பழைய நூலின் கருத்தை நானே திருத்திக்கொண்டிருக்கிறேன், அறிஞனுக்கு அதுதான் அழகு. அவள் பெயரைப் போடவில்லை. சபையில் பொய்க்காரி என்று ஆனவளை மேற்கோள் காட்டினால் யார் மதிப்பார்கள்? ஆய்வென்றால் நேர்மை வேண்டும் சார். அவளைப் போலப் பார்க்காததை எழுதுகிறவன் அல்ல நான். என் இரண்டு காதாலும் கேட்ட பிறகுதான் எழுதினேன்.