பத்து விநாடித் துறைமுகம்

— அதெல்லாம் விடுங்க, ஒம்பதம்மா. போன புதன்கிழமை நீங்க எழுதின பதிலை ஒரு தடவை சத்தமா படிச்சுக் காட்டட்டுமா?

— வேண்டாம் சார். மூச்சு வாங்குது உங்களுக்கு. முதல்ல அந்த நாற்காலியில உட்காருங்க.

— நானூறு படி ஏறினா வாங்காதா? லிஃப்ட் ஓடலன்னு கீழே ஒரு சீட்டு ஒட்டி வச்சிருந்தா, படிச்சுட்டு அப்படியே திரும்பிப் போயிருப்பேன்.

— அறுபத்து நாலு படி. நான் தினம் ரெண்டு தடவை எண்ணறேன்.

— படிக்கட்டுக்கு அறுபத்து நாலு. என் முட்டிக்கு நானூறு. பேச்சை மாத்தாதீங்க. 'யார் குரல்' ஆட்டத்துல ஒம்பதாம் நாற்காலியோட பதில், இதோ: "பழைய கேன்டீன் மேனேஜர் மாதிரி இருக்கு." கேன்டீன் மேனேஜரா! அவர் மூக்கால பேசற ஆளு. அவர் 'டீ'ன்னு சொன்னா டம்ளர் தும்மும்!

— வயசாச்சு சார். காது மந்தம்.

— யாருக்கு? உங்களுக்கா? முப்பத்திரண்டு வருஷம் டெலிபோன் ஆபீஸ்ல ஒம்பதாம் நாற்காலியில, ட்ரங்க் போர்டு முன்னாடி உட்கார்ந்து, அந்தப் பக்கம் எந்த எக்ஸ்சேஞ்சுல எவன் இருமினாலும், இன்ன ஊரு, இன்ன ஷிஃப்ட்டு, இன்னைக்கு வீட்டுல சண்டைன்னு சொன்ன காது அது. அதை மியூசியத்துல வைக்கணும்னு நான் மேலதிகாரிக்குக் கடிதமே எழுதினேன்.

— நீங்க எழுதினது எனக்கு லீவு தரக்கூடாதுன்னு.

— அதுவும் அந்தக் கடிதத்துலயே ரெண்டாவது பாராவுல இருந்தது.

— இந்தாங்க, காபி. சர்க்கரை பாதிதான் போட்டிருக்கேன். உங்க வீட்டம்மா போன் பண்ணிச் சொல்லிட்டாங்க.

— நான் கிளம்பறதுக்கு முன்னாடியே போனா? முப்பது வருஷம் ஒரு ஹால் நிறைய ஆபரேட்டருங்களை மேய்ச்ச சூப்பர்வைசர் நான். வீட்டுல ஒரே ஒரு ஆபரேட்டர், அவளை மேய்க்க முடியல. சரி, விஷயத்துக்கு வர்றேன். இன்னைக்கு என்ன கிழமை?

— தெரியும்.

— எத்தனாவது புதன்?

— அதுவும் தெரியும் சார்.

— தெரிஞ்சா சரி. நம்ம வாட்ஸ்அப் குழுவோட சட்டம் என்ன? புதுசா வர்றவங்க பேர் சொல்லக்கூடாது, போட்டோ போடக்கூடாது. வாரா வாரம் புதன்கிழமை பத்து விநாடிப் பேச்சைப் பதிஞ்சு எனக்கு அனுப்பணும், நான் அதைக் குழுவுல போடுவேன். குரலை வச்சு யாராவது ஆளைக் கண்டுபிடிச்சாதான் உள்ளே வந்து மத்தவங்களோட பேசலாம், அதுவரைக்கும் சும்மா பார்க்க மட்டும்தான். ஏழு வாரம் ஆகியும் ஒருத்தருக்கும் தெரியலன்னா, ஆளை எடுத்துடுவோம்.

— அந்த ஏழு வாரத்தை யார் வச்சது?

— நான்தான். ஏழுன்னு சொன்னா ஒரு கம்பீரம் இருந்தது, வச்சுட்டேன். இதுவரைக்கும் அரை மணி நேரம் தாண்டினவங்க கிடையாது. இரும்பு சைக்கிள்ல வேலைக்கு வருவாரே, அவர் குழுவுக்கு வந்தப்போ, 'ஹ'ன்னு ஆரம்பிச்சார், 'லோ' வர்றதுக்குள்ள பதினாலு பேர் சொல்லிட்டாங்க. இந்த மனுஷன் ஏழு வாரமா வாசல்லயே நிக்கறார், ஒம்பதம்மா. இப்போ மணி அஞ்சு பத்து. ஆறு மணிக்கு நான் அவரை எடுத்தாகணும்.

— எடுக்காம விட்டா என்ன ஆயிடும்? அட்மின் நீங்கதானே?

— சட்டம்னா சட்டம். நாளைக்கு நாலாம் நம்பர் நாற்காலிக்காரர் தன் மச்சினனைக் கூட்டிட்டு வருவார். அவன் போர்டையே பார்த்ததில்ல, மரக்கடை வச்சிருக்கான்.

— குழுவுல எண்பத்து மூணு பேர் இருக்கோம். எல்லாமே ட்ரங்க் கால் போட்டுப் போட்டுப் பென்ஷன் வாங்கின காது. வேற யாராவது சொல்லட்டுமே. என்னை மட்டும் எதுக்குப் படியேறி வந்து உலுக்கறீங்க?

— சொல்றாங்களே, வாரா வாரம். நீங்கதான் பார்க்கறீங்களே.

— என்னத்தைச் சொல்றாங்க! பதினொண்ணும் பன்னெண்டும், அந்த ரெட்டைச் சகோதரிங்க, அந்தக் காலத்துல மூச்சு விட்டாலே ஆளைப் பிடிப்பாங்க. இப்போ 'இது யாரோ ஒரு அம்மாவோட குரல்'னு எழுதறாங்க! ஆம்பளைக் குரலு சார் அது, அடிவயித்துல இருந்து வர்றது.

— எழுதினாங்க, எழுதினாங்க. நான் சிரிச்ச சிரிப்புல பல் செட்டு பக்கத்து வீட்டு மாடியில போய் விழுந்தது.

— நாலாம் நம்பர் நம்ம ஆபீஸ் மெக்கானிக் பேரை எழுதறார். மெக்கானிக் செத்துப் பத்து வருஷம் ஆகுது. அந்தச் சாவுக்கு மாலை வாங்கிட்டு வந்ததே நாலாம் நம்பர்தான்!

— முப்பது என்ன எழுதினாருன்னு பார்த்தீங்களா?

— 'மழையில நனைஞ்ச பூனை'ன்னு. ஐயோ, சிரிக்க வைக்காதீங்க சார், காபி சிந்துது. எல்லார் காதும் துருப்பிடிச்சுப் போச்சு. ஒண்ணு கூட உருப்படியா இல்ல.

— உங்க காது மட்டும் துருப்பிடிக்கல.

— நான் அப்படிச் சொல்லல.

— சொல்லாததைக் கேட்கறதுக்குத்தான் எனக்கு முப்பது வருஷம் சம்பளம் கொடுத்தாங்க.

— காபி ஆறிடும், குடிங்க.

— காபி நல்லா இருக்கு. நான் காத்திருக்கேன். என் முட்டியும் காத்திருக்கு, அதுக்கு வேற வேலை இல்ல.

— முதல் வாரமே தெரிஞ்சு போச்சு சார்.

— எந்த வார்த்தையில?

— வார்த்தைக்கு முன்னாடி. பேச ஆரம்பிக்கறதுக்கு ஒரு சின்ன மூச்சு இழுத்தார் பாருங்க, கதவைத் தட்டலாமா வேண்டாமான்னு நிக்கற மாதிரி. அதுல தெரிஞ்சது. நான் பாத்திரம் தேச்சுட்டு இருந்தேன். தம்பி பொண்ணு வந்து 'என்ன அத்தை, குழாய் ஓடிட்டே இருக்கு'ன்னு மூடினா.

— யாருன்னு வாயால சொல்லுங்க.

— துறைமுகம்.

— அப்பாடா! துறைமுகத்து எக்ஸ்சேஞ்ச் ஆபரேட்டர்! பதினோரு வருஷம் நம்ம ஒம்பதாம் நாற்காலிக்கு லைன் கொடுத்த துறைமுகம்! அவ்வளவுதான், இதைக் குழுவுல எழுதிடுங்க, நான் இறங்கிப் போறேன். இறங்க வெறும் இருநூறு படிதான்.

— எழுத மாட்டேன்.

— ஏன்?

— முதல் வாரம் மருந்துச் சீட்டைப் படிச்சார். 'காலை ஒண்ணு, இரவு ஒண்ணு'ன்னு. அப்போ பின்னாடி ஒரு ஃபேன் சத்தம், மூணு சுத்துக்கு ஒரு தடவை கிளிக்குன்னு. அடுத்த வாரம் அந்த கிளிக் இல்ல, ஆள் விட்டு எண்ணெய் போட்டிருக்கார். மூணாவது வாரம் ஒரு நாற்காலி தரையில இழுபட்டது. மொட்டைத் தரை, பாய் கீய் ஒண்ணும் கிடையாது. ஜன்னல் பக்கம் உட்கார்ந்துதான் பேசறார், ஏன்னா வெளியே போற வண்டிச் சத்தம் அவர் குரலுக்கு ரொம்பக் கிட்டத்துல கேட்குது. தனியாத்தான் இருக்கார் சார். அஞ்சாவது வாரம் பால் பொங்கற சத்தம் கேட்டது. அடுப்பை அணைக்க யாரும் ஓடல, பேச்சைப் பாதியில விட்டுட்டு அவரேதான் ஓடினார்.

— ஒரு பத்து விநாடியில வீட்டுக்குப் பிளானே போட்டுட்டீங்க!

— சரியான பதிலை எழுதினா அடுத்த வாரம் வேற யாரோட குரலோ வரும். தப்பா எழுதினா இன்னொரு பத்து விநாடி கிடைக்கும். அந்தப் பத்தை வச்சு ஒரு வாரத்தை ஓட்டிடுவேன். ஒரு நாளைக்கு மூணு தடவைதான் கேட்கறது.

— மூணு?

— முப்பதுன்னே வச்சுக்கோங்க. இந்த ஒரு விஷயத்துல உங்களை மாதிரி பெருக்கித்தான் சொல்லணும்.

— பைத்தியக்காரி. எழுதினா அவர் உள்ளே வந்து நாள் பூரா பேசுவாரே. பத்து விநாடி எதுக்கு, பத்து மணி நேரம் பேசுங்களேன். அவர் வீட்டம்மா போய்ச் சேர்ந்து ரெண்டு வருஷம் ஆச்சு, பசங்க ஆளுக்கொரு ஊரு. உங்களுக்கும் யார் தடை? கீழே தம்பி வீடு, மேலே வானம்.

— உள்ளே வந்தா முதல் கேள்வி என்ன கேட்பார்?

— 'சௌக்கியமா'ன்னு கேட்பார்.

— 'அன்னைக்கு ஏன் வரல'ன்னு கேட்பார்.

— என்னைக்கு?

— போர்டைக் கழட்டற வாரம். இனிமே எல்லாரும் தாங்களே நம்பர் போட்டுப் பேசிக்கலாம், ஆபரேட்டர் வேண்டாம்னு அறிவிச்சாங்களே. அப்போ அவர் சொன்னார், 'லைன் போனா உங்க குரலும் போயிடும், ஒரு தடவையாவது நேர்ல பார்த்துடுவோம்'னு. பதினோரு வருஷம் பேசியிருக்கோம், முகம் தெரியாது. ரயில்வே ஸ்டேஷன், மணிக்கூண்டுக்குக் கீழே, சாயங்காலம் நாலு மணி.

— நீங்க போகல.

— போனேன் சார்.

— என்னது?

— போனேன். அவர் எனக்கு முதுகைக் காட்டிட்டு நின்னார். பெட்டி தூக்கறவர்கிட்ட 'யாராவது ஒரு பொம்பளை என்னைத் தேடினாங்களா'ன்னு கேட்டார். குரலைக் கேட்ட உடனே தெரிஞ்சு போச்சு. நாலடி தூரம். கையை நீட்டினா சட்டையைத் தொடலாம். பதினோரு வருஷமா அவர் என் குரலுக்கு ஒரு முகத்தைப் போட்டு வச்சிருந்தார் சார். சில சமயம் வர்ணிப்பார், 'நீங்க உயரமா, நீளமா பின்னல் போட்டு இருப்பீங்க'ன்னு. நான் பாருங்க, முக்காலி உயரம். முடி அப்பவே நரை. அவர் திரும்பிட்டா அந்த இன்னொருத்தி செத்துப் போயிடுவாளேன்னு தோணிச்சு. ரயில் கிளம்பற வரைக்கும் அவர் நின்னார், நானும் பின்னாடியே நின்னேன். அப்புறம் வீட்டுக்கு வந்து தலைவலின்னு படுத்துட்டேன்.

— இதை யார்கிட்டயாவது...

— இப்போ உங்ககிட்டதான். வெளியே சொன்னா அந்த நானூறு படியில இருந்து உருட்டி விட்டுடுவேன்.

— அறுபத்து நாலு.

— இன்னைக்கு நானூறுதான்.

— ஒம்பதம்மா, ஒண்ணு சொல்றேன். நீங்க ரெண்டு பேரும் லைன்ல பேசினது எனக்குத் தெரியாதுன்னா நினைச்சீங்க? நான் எத்தனை நாள் அந்தப் பக்கமே வராம, தெரியாத மாதிரி ஜன்னலைப் பார்த்துட்டு நின்னேன் தெரியுமா? அந்த ஜன்னல்ல பார்க்க ஒரு தண்ணித் தொட்டியைத் தவிர ஒரு மண்ணும் கிடையாது.

— உங்களுக்குத் தெரியும்னு எனக்கும் தெரியும். மத்தவங்களுக்கு?

— சேச்சே. அவங்கவங்க காதுல அவங்கவங்க லைன். அவங்களுக்கு எங்கே நேரம்.

— அதுவே போதும். யாராவது ஒரு மகராசி சொல்லித் தொலைச்சிருந்தா, நான் வாயைத் திறக்காமலே அவர் உள்ளே வந்திருப்பார். நான் ஒரு ஓரமா உட்கார்ந்து கேட்டுட்டு இருந்திருப்பேன். எனக்கு அது போதும் சார்.

— மணி அஞ்சே முக்கால். இன்னைக்கு அவர் அனுப்பினதைக் கேட்டீங்களா?

— காலையில இருந்து தொடல. பயமா இருக்கு.

— போடறேன், கேளுங்க. பத்து விநாடி கூட இல்ல, நாலு விநாடி.

— ...

— இன்னொரு தடவை போடவா?

— வேண்டாம். 'லைன்ல இருக்கீங்களா'ன்னு கேட்கறார்.

— யாரைக் கேட்கறார்? என்னையா? என்னைக் கேட்கறதா இருந்தா 'உயிரோட இருக்கியா'ன்னு கேட்பார்.

— குரல் உடைஞ்சிருக்கு. போன வாரம் இப்படி இல்ல.

— ஏழு வாரம் வாசல்ல நின்னா கல்லுத்தூணே உடையும். என்கிட்ட தனியா ஒரு வரி எழுதியிருக்கார், பாருங்க, 'என் குரல் ஒருத்தருக்கும் ஞாபகம் இல்ல போல, நீங்க சிரமப்பட வேண்டாம், எடுத்துடுங்க'ன்னு. இதுல நான் ஒரு எழுத்தைக் கூடப் பெருக்கல, ஒம்பதம்மா.

— ஒருத்தருக்கும் ஞாபகம் இல்லன்னா நினைக்கறார்?

— பின்னே என்ன நினைப்பார்? அன்னைக்கும் நீங்க முதுகுப் பக்கம்தான் நின்னீங்க. இன்னைக்கும் முதுகுப் பக்கம்தான் நிக்கறீங்க. ரயில் கிளம்ப இன்னும் பத்து நிமிஷம் இருக்கு.

— வாயை மூடுங்க சார்.

— மூடிட்டேன்.

— அந்த அலமாரி மேல கண்ணாடி இருக்கு பாருங்க, எடுங்க. எழுத்தே தெரியல.

— இந்தாங்க. கண்ணைத் துடைச்சுட்டுப் போடுங்க, தெரியும்.

— 'து' எங்கே இருக்கு இதுல? தொட்டா 'தூக்க மாத்திரை'ன்னு வருது. தம்பி பொண்ணு என்னத்தைப் பழக்கி வச்சிருக்கா இந்தப் போனுக்கு.

— அழிச்சுட்டு மறுபடியும் போடுங்க. ஒரே நாள்ல எண்ணூறு காலுக்கு ஒயரைச் சொருகின கை அது.

— நூத்தி இருபது. து... றை... மு... மணி என்ன?

— அஞ்சு ஐம்பத்து ஏழு.

— க... ம். வெறும் துறைமுகம்னு மட்டும் போட்டா போதுமா?

— உங்களுக்கு வேற என்ன போடணும்னு தோணுதோ, அதையும் போடுங்க.

— 'துறைமுகம். லைன்ல இருக்கேன். அன்னைக்கும் இருந்தேன்.'

— ...

— என்ன சார் நீங்க? உங்களுக்கு என்ன வந்தது? இந்தாங்க, முந்தானை எல்லாம் தர முடியாது, அந்தத் துண்டை எடுத்துக்கோங்க.

— முட்டி வலி. முட்டி வலிச்சா எனக்குக் கண்ணுல தண்ணி வரும். அனுப்புங்க.

— அனுப்பிட்டேன்.

— போயிடுச்சு. டிக் நீலம் ஆயிடுச்சு, எல்லாரும் பார்த்துட்டாங்க.

— பார்த்துட்டு ஏன் சார் ஒருத்தரும் ஒண்ணும் சொல்லல? வழக்கமா இந்நேரம் பொம்மையும் பூவுமா நூறு வந்து விழுமே. முப்பது கூட சும்மா இருக்கார்.

— அடுத்துப் பேச வேண்டியது அவங்க இல்லையே.

— இல்ல, தப்பா எழுதிட்டேனோ என்னவோ. எண்பது பேருக்குப் பிடிபடாத குரல் எனக்கு மட்டும் எப்படி சார் பிடிபடும்? கிழவி எதையோ கேட்டு எதையோ நினைச்சுட்டேன்னு...

— எண்பது பேருக்கும் தெரியும், ஒம்பதம்மா. முதல் புதன்கிழமை பத்தே நிமிஷத்துல எண்பது பேரும் தனித்தனியா எனக்கு 'துறைமுகம்'னு எழுதிட்டு, அதுக்குக் கீழேயே, 'ஒம்பது சொல்லட்டும், அதுவரைக்கும் நாங்க தப்பாவே சொல்றோம்'னு எழுதியிருந்தாங்க.