ஊருக்குச் சொந்தமான நாற்காலிகள்

ஐயையோ, அதுல உக்காராதீங்க தம்பி. கோவிச்சுக்காதீங்க, இந்த வீட்டுல நாற்காலில யாரும் உக்கார்றதில்ல. கீழ ஜமக்காளம் விரிச்சிருக்கேன் பாருங்க, அங்க வசதியா உக்காருங்க. நான் இப்படி சுவத்துல சாஞ்சுக்கறேன். கல்யாணமாகி வந்ததுல இருந்து இந்தச் சுவருதான் எனக்கு.

ஐயா எங்கயா? இருக்காரு, இருக்காரு. முதல்ல நீங்க நாற்காலிங்களப் பாருங்க. அதுக்குத்தானே அருங்காட்சியகத்துல இருந்து இவ்ளோ தூரம் வந்திருக்கீங்க, புஸ்தகமும் எழுதப்போறீங்க.

எனக்கும் கொஞ்சம் தெரியும் தம்பி. கேட்டுக்கேட்டு மனப்பாடமாயிடுச்சு. மரத்த ஆவில வேகவெச்சு, சூடு ஆறறதுக்குள்ள இரும்பு அச்சுல மாட்டி வளைப்பாங்களாம். இந்தப் பின்னங்காலப் பாருங்க. அப்படியே மேல போயி முதுகா வளைஞ்சு, மறுபடி அந்தப் பக்கம் காலா இறங்குது. எல்லாம் ஒரே கம்பு, ஒட்டே கிடையாது. மரம் எவ்ளோ வளைஞ்சு குடுத்திருக்குன்னு எங்க வீட்டுக்காரரு தடவித்தடவிப் பாப்பாரு. மரத்தத்தான்.

பைத்தியம்னா அப்படி ஒரு பைத்தியம். சாவு வீட்டுக்குப் போனாக்கூட குனிஞ்சு நாற்காலிக்கு அடியில கம்பெனி சீட்டு ஒட்டியிருக்கான்னு பாப்பாரு. துக்கம் தாங்காம மனுஷன் விழுந்துட்டாருன்னு நாலு பேரு தூக்க ஓடி வந்தாங்க ஒருதரம். நான் வெக்கத்துல தலைப்ப வாயில வெச்சு அடைச்சுக்கிட்டேன்.

உக்காந்தா என்னன்னா கேக்கறீங்க? நானும் கேட்டிருக்கேன். இதெல்லாம் நம்ம சொத்து இல்லம்மா, ஊரு சொத்து, நமக்கப்புறம் வர்றவங்க சொத்து, நாம வெறும் காவல்காரங்கதான்னு சொல்வாரு. கேக்க நல்லாத்தான் இருந்துச்சு. வெயில் காலத்துல, உக்கார்ற இடத்துல பின்னியிருக்கற பிரம்பு காஞ்சு விட்டுடும்னு ஒவ்வொண்ணுக்கு அடியிலயும் தண்ணிக் கிண்ணம் வெக்கணும். பிள்ளைங்க தாகம்னு அழுதாலும் கிண்ணத்த ரொப்பிட்டுத்தான் வரணும்.

ரெண்டாவது பொண்ணு வயித்துல இருந்தப்ப ரெண்டு காலும் தூண் மாதிரி வீங்கிப்போச்சு. ஒருநாள் அவரு இல்லன்னு, அதோ அந்தக் கை வெச்ச நாற்காலில, மெதுவா உக்காந்தேன். பிரம்பு விட்டுடுச்சு. அப்படியே உள்ள போயி மாட்டிக்கிட்டேன், வெளிய வர முடியல. அவரு வந்து பாத்தாரு. என்னத் தூக்கி எடுத்தாரு, பொய் சொல்லக்கூடாது. எடுத்துத் தரையில விட்டுட்டு, நாற்காலியத் தலகீழா கவுத்து, மரம் விரிஞ்சிருக்கான்னு விரலால ஒவ்வொரு இடமா தேடினாரு. நான் பக்கத்துலதான் கிடந்தேன்.

அந்தப் பொண்ணு வளந்து சம்பாதிச்சதும் முதல் வேலையா அம்மாவுக்குன்னு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி வாங்கிட்டு வந்தா. இதுங்க பக்கத்துல அதுவான்னு அன்னிக்கே தெருவுல வீசிட்டாரு. அவ அதுக்கப்புறம் இந்தப் படி ஏறல. கட்டிலும் அப்படித்தான் போச்சு. அந்த ஆடற நாற்காலிக்கு இடம் வேணும்ல.

சத்தமா? அவருதான் இருமறாரு. அந்தத் திரைக்குப் பின்னால பாய்ல படுத்திருக்காரு. வெலக்கிப் பாருங்க, ஒண்ணும் நெனைக்கமாட்டாரு. ஒரு பக்கம் முழுசா விழுந்துடுச்சு, பேச்சும் போயிடுச்சு. காது மட்டும் நல்லா இருக்கு. நாம பேசினது அத்தனையும் கேட்டுக்கிட்டுதான் இருந்தாரு.

இல்ல தம்பி, உங்களுக்கு வணக்கம் சொல்லல. நல்லா இருக்கற கையால நாற்காலியக் காட்டறாரு. டாக்டர் வந்துட்டுப் போனதுல இருந்து இப்படித்தான் காட்டிக்கிட்டே இருக்காரு. நெஞ்சுல நீர் கட்டியிருக்காம். படுக்கப் போடாதீங்கம்மா, நாற்காலில நல்லா நிமித்தி உக்கார வெச்சிடுங்க, மூச்சு தானா சீராகும்னாரு டாக்டர். உக்கார வெக்கலன்னா என்ன ஆகும்னு நானும் கேட்டேன். அதையும் சொன்னாரு.

ஐயோ, நாற்காலியத் தூக்காதீங்க! படிச்சவரு நீங்களே இப்படிச் செய்யலாமா? ஊரு சொத்துல்ல அது? வெளிய போயி வேற ஒண்ணு வாங்கிட்டு வர்றீங்களா? பிளாஸ்டிக் அவருக்கு ஆகாதே தம்பி. இதுங்களுக்குப் பக்கத்துல வெச்சா அவருக்கு மனசு கஷ்டப்படும்.

என்னைய அப்படிப் பாக்காதீங்க. வேளாவேளைக்குக் கஞ்சி ஊட்டறேன், வெந்நீர்ல துடைச்சு விடறேன், தினமும் சாமிகிட்ட அவருக்காக வேண்டிக்கறேன். ஒரு குறை வெக்கல. அவரு போட்ட சட்டத்த மட்டும் என்னால மீற முடியாது.

நீங்க எழுதிக்குங்க. கடைசி மூச்சு வரைக்கும் தான் சேத்த நாற்காலில ஒண்ணுலகூட உக்காராத மனுஷன்னு எழுதுங்க. படிக்கறவங்களுக்குக் கண்ணு கலங்கிடும். பொய்யா எழுதறோமேன்னு தயங்காதீங்க தம்பி. புஸ்தகம் அச்சாகி வர்றதுக்குள்ள அது நெசமாயிடும்.