நான்காவது விமானம்

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது என் நண்பனின் அத்தானுக்கு நடந்தது.

இரவு ஒன்பது மணி இருக்கும். கொட்டும் மழை. விமான நிலையச் சாலையில் அவருடைய ஸ்கூட்டரைத் தவிர வேறு வண்டி இல்லை... சொட்டச் சொட்டக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தின் உச்சி அறைக்கு வேலைக்கு ஏறினார்.

"என்ன தம்பி, நீந்தியா வந்தீங்க?" என்றார் மூத்த அதிகாரி.

எந்த விமானம் முதலில் இறங்கலாம் என்று சொல்வதுதான் அங்கே வேலை. வந்த வரிசைப்படி இறங்கும். உள்ளே நோயாளி இருந்தால் மட்டும் மற்றவை விலகி வழிவிட வேண்டும்.

அன்று மேலே மூன்று விமானங்கள் வட்டமடித்துக்கொண்டிருந்தன. திடீரென்று ரேடியோவில் 'கர்ர்ர்' என்று ஓர் இரைச்சல். பிறகு களைத்துப்போன ஒரு குரல்...

"ஆம்புலன்ஸ் விமானம் சார். எங்க முறை எப்ப வரும்?"

அத்தான் ரேடார் திரையைப் பார்த்தார். மூன்றே புள்ளிகள்.

அதிகாரியின் முகம் வெளுத்தது. "பதில் சொல்லாதீங்க தம்பி. மழை நாள்ல வரும்."

"யாரு சார்?"

"பல வருஷம் முன்னாடி வந்த ஆம்புலன்ஸ் விமானம். நோயாளிய இறக்கிட்டு வெறுமனே திரும்புதுன்னு நினைச்சு, இங்க இருந்தவங்க வரிசையில கடைசியா நிறுத்திட்டாங்க. உள்ள யாராவது இருக்காங்களான்னு ஒரு வார்த்தை கேக்கல. இவங்களுக்குத் தெரியும்னு பைலட்டும் இருந்துட்டாரு. உள்ள ஒரு பாப்பா இருந்திருக்கு... சுத்திச் சுத்தியே எரிபொருள் தீர்ந்து விழுந்துடுச்சு."

அத்தானுக்கு மனசு கேட்கவில்லை. மைக்கை அழுத்தினார். "நீங்க முதல்ல வாங்க சார். ஓடுபாதை உங்களுக்குத்தான்."

கர்ர்ர்... அதே களைத்த குரல்.

"வேண்டாம் சார். வரிசையில ரெண்டாவதா இருக்கிற விமானத்துல ஒரு அம்மாவுக்கு மூச்சுத் திணறுது. அவங்கள முதல்ல இறக்குங்க."

அத்தான் அந்த விமானத்தைக் கூப்பிட்டுக் கேட்டார். அதன் பைலட் திகைத்துப் போனார். "இப்பதான் சார் சாஞ்சாங்க! உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அதை முதலில் இறக்கினார். அந்த அம்மா பிழைத்துக்கொண்டார். மற்ற இரண்டும் இறங்கின. திரை காலியானது.

"இப்ப வாங்க சார். யாரும் இல்ல. வாங்களேன்..." அத்தான் கெஞ்சினார்.

ஓடுபாதை விளக்குகள் எல்லாம் எரிந்தன. ஜன்னல் இடுக்கில் மருத்துவமனை ஸ்பிரிட் வாசனை. கூரைக்கு மேலே எஞ்சின் சத்தம் தணிந்து தணிந்து வந்தது... இருமியது... நின்றுவிட்டது.

கண்ணாடிக்கு வெளியே மழை மட்டும்.

அன்றிலிருந்து மழை இரவுகளில் எல்லாம், கடைசி விமானம் இறங்கிய பிறகும் அத்தான் விளக்குகளை அணைப்பதில்லை. கண்களை மூடி வேண்டிக்கொண்டு, அதைக் கூப்பிடுவார். அது வரும்... இறங்காது. அவரால் வேறென்ன செய்ய முடியும்?

போன வாரமும் மழை. மைக்கை அழுத்தினார். களைத்த குரல் வரவில்லை.

கர்ர்ர்...

"மாமா... பைலட் மாமா தூங்கிட்டாரு. எங்க முறை வந்துடுச்சா?"