எம்மோட் கடந்த மணல்

என் கையெழுத்து அழகானது என்று இந்த வட்டாரத்தில் எல்லாருக்கும் தெரியும், சாமி. உங்கள் தேவாலயத்தில் இருக்கிற சங்கீதப் புத்தகம்கூட நான் எழுதியதுதான். அதனால்தான் பிரபு என்னை மாளிகையில் வைத்துக்கொண்டார். அதனால்தான் பாட்டுக் கட்டுகிற ரான்டலும் தம் பாட்டோடு என்னிடம் வந்தார்.

ரான்டல் பாடுவதை நீங்கள் பிரபுவின் விருந்துகளில் கேட்டிருப்பீர்கள். கொள்ளைநோயில் அவருடைய முதல் மனைவி ஐடனி இறந்தாள். அந்தக் குளிர்காலத்தில் அவளைப் பற்றிய புலம்பலை அவர் வாயால் சொல்ல, நான் எழுதினேன். அடிக்கு மூன்று மோனை வைத்துக் கட்டுகிற நம் வடக்கத்திப் பழைய முறை. பாதியில் என் கை நின்றுவிட்டது. நான் லத்தீன் படித்தவன். நம் முரட்டு ஆங்கிலத்தில் இப்படி ஒன்று பிறக்கும் என்று நான் நினைத்ததே இல்லை.

பிறகு அவர் எம்மோட்டைக் கட்டிக்கொண்டார். விரிகுடாவுக்கு அந்தப் பக்கத்துப் பெண், கருவாட்டுக்காரர் மகள். ரான்டலுக்குத் தொப்பை விழுந்தது. பன்றிக்கும் பாதிரிக்கும் சண்டை என்று பாட்டுக் கட்டினார். மாளிகையே உருண்டு சிரித்தது. எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

ஒரு நாள் அவர் வீட்டில் கேட்டேன். "மறுபடி அந்த மாதிரி எப்ப எழுதப்போறீங்க?"

"ஏன் ஹ்யூ, நான் நல்லா இருக்கிறது உனக்குப் பிடிக்கலையா?" என்று முதுகில் தட்டினார்.

எம்மோட் அடுப்பிலிருந்து திரும்பினாள். "என் சமையல் அவருக்கு ஒத்துக்கிச்சு அண்ணே. அழுகைதான் ஒத்துக்கல."

நான் நிதானமாக யோசிக்கிறவன். ஒரு சாவு அந்தப் பாட்டைக் கொடுத்தது. மனிதர்கள் எப்படியும் போய்விடுவார்கள், பாட்டு நிற்கும். இதில் தவறான கணக்கு எதுவும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

தவக்காலத்தில் எம்மோட்டின் தாய் படுத்த படுக்கையானாள். கடல் வற்றும் நேரத்தில் மணல்மேல் நடந்தால் அக்கரைக்கு அரை நாள். சுற்றிப் போனால் இரண்டு நாள். புதைமணல் இல்லாத வழியில் வழிகாட்டி முட்கிளைகளை நட்டு வைப்பார். கரையில் அவள் என்னைப் பார்த்தாள்.

"வழிகாட்டிக்குக் காய்ச்சலாம் அண்ணே. தனியாப் போகலாமா?"

"கிளை நட்டிருக்கும்மா. அதை விட்டு விலகாம போ."

அவ்வளவுதான் சொன்னேன். யார் கேட்டாலும் நல்ல யோசனை என்றுதான் சொல்வார்கள். ரான்டல் எழுந்ததும் கஞ்சியைச் சூடு பண்ணிக் குடிக்கச் சொல்லும்படி என்னிடம் சொல்லிவிட்டுப் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினாள்.

ஒன்றை விட்டுவிட்டேன். முந்தின நாள் கடல் வற்றியபோது, இந்தக் கரையோரத்துக் கிளைகளைப் பிடுங்கிப் புதைமணல் பக்கமாக நட்டது நான். இடைவெளி ஒரே அளவாக இருக்கும்படி பார்த்துக்கொண்டேன். வாழ்நாள் முழுக்கத் தாளில் கோடு போட்ட கை.

கரையில் உட்கார்ந்திருந்தேன். அவள் கூப்பிட்டது கேட்டது. ரான்டலை அல்ல, என்னைக் கூப்பிட்டாள். ஏன் என்னை என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. தூக்கம் கெடுவது அதனால் மட்டும்தான். தண்ணீர் ஏறியபின் எழுந்து வந்தேன்.

அதன்பின் காத்திருந்தேன். வசந்தம் போயிற்று, அறுவடை முடிந்தது. ரான்டல் எதுவும் கொண்டுவரவில்லை. நேற்று நானே போனேன். அடுப்பு மூட்டாத வீட்டில் உட்கார்ந்திருந்தார்.

"எம்மோட்டுக்கு ஒரு பாட்டு கட்டலாமே. ஐடனிக்குக் கட்டின மாதிரி."

அடுப்புச் சாம்பலைக் குச்சியால் கிளறினார்.

"அது ஐடனி உயிரோட இருக்கும்போதே கட்டினது, ஹ்யூ. அவ மீன் கழுவிக்கிட்டிருந்தா. இவ இல்லாம போனா என்ன ஆவேன்னு நெனச்சேன், வந்துடுச்சு. அவகிட்டயே பாடிக் காட்டினேன். 'இவ்வளவு அழகா அழுவீங்கன்னா இன்னிக்கே செத்துடலாம் போலிருக்கே'ன்னு சிரிச்சா. நிஜமாவே போனப்புறம் ஒரு அடிகூட வரல. பழசைத்தான் உங்கிட்டச் சொன்னேன். எம்மோட் வந்துதான் என் வாயைத் திறந்தா. பெருசா ஒரு பாட்டு மனசுல ஓடிக்கிட்டிருந்துச்சு. இப்ப இல்ல."

வருத்தப்படுகிறேனா என்று கேட்கிறீர்கள், சாமி. துக்கத்தில் இருக்கிறவர்கள் முன்னே நடந்ததையும் பின்னே நடந்ததையும் மாற்றிச் சொல்வார்கள். அவர் சொன்னதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எழுதுவதற்கென்று இளங்கன்றின் தோலாகப் பார்த்து வாங்கி, வழவழப்பாகத் தேய்த்து வைத்திருக்கிறேன். அவர் எம்மோட்டின் பாட்டைத் தொடங்கும்போது தாள் இல்லை என்று ஆகிவிடக் கூடாது.