முன் சக்கரத்தில் நீலம்

மாரப்பன்: சும்மா ஓட்டறப்ப ஒண்ணுமில்லீங்களா? பிரேக் மிதிச்சா மட்டுந்தான் நடுங்குதுங்களா?

சிவகுரு: மிதிச்சா மட்டும். ஸ்டீரிங் கையில நிக்க மாட்டேங்குது. பெடலும் காலுக்கடியில உதறுது. போன வாரத்துல இருந்துதான் இப்படி.

காயத்ரி: ஞாயித்துக்கெழம காரமடையில எங்கண்ணன் பொண்ணு கல்யாணம், மாரப்பண்ணா. இந்த வண்டியிலதான் மலையெறங்கணும்.

மாரப்பன்: நல்லவேள, இப்பவே கொண்டாந்தீங்க... முன்சக்கரம் ரெண்டையும் கழட்டிட்டனுங்க. இந்த பிரேக் டிஸ்க்கக் கொஞ்சம் கிட்ட வந்து பாருங்க. நாவப்பழம் மாதிரி நீலம் ஏறிக் கெடக்குது.

சிவகுரு: துருவா இருக்கும்.

மாரப்பன்: துரு எந்த ஊர்லீங்க நீலமா இருக்கு? இது சூட்டுல வர்ற நெறம். வண்டி எங்கெங்க போகுதுங்க?

சிவகுரு: எங்க போறது? ஜெகதளாவுல ஊடு, குன்னூர்ல ஆபீசு. ஏலத்துக்கு வர்ற டீ சாம்பிளக் குடிச்சுப் பாத்து தரம் சொல்லிட்டு ஊட்டுக்கு வந்துருவேன்.

காயத்ரி: அது மட்டுமா, சனிக்கெழமையும் டேஸ்ட்டிங்னு காரெடுத்துட்டுப் போயிருவாரு. வியாழக்கெழம ஏலம்... ஆபீஸ் ஜீப் வந்து கூட்டிட்டுப் போயிரும். அன்னைக்குக் காரு ஷெட்ட விட்டு நகராது.

மாரப்பன்: ஜெகதளாவுக்கும் குன்னூருக்கும் போய்ட்டு வந்தா இப்படி ஆகாதுங்களே. கிருத்திக் தம்பி ஓட்டிட்டிருந்தப்பக்கூட...

சிவகுரு: அவன் பேச்ச எடுக்காதீங்க.

மாரப்பன்: ஏனுங்க, இன்னும் கோவம் தீரலீங்களா?

காயத்ரி: ஒண்ணர வருசமாச்சு. டீ ருசி பாக்கற மனுசன்ற மகன் மலைக்குக் கீழ மேட்டுப்பாளையத்துல காபிக்கடை வெச்சுட்டான். அதுக்கு, ஊட்டுப்படி ஏறக்கூடாது, நாங்களும் அவன்ற கடப்பக்கம் போகக்கூடாது...

சிவகுரு: காயத்ரி, வண்டி காட்ட வந்தமா, ஊட்டுக் கதை பேச வந்தமா? மாரப்பன், புது டிஸ்க் போட்டு விடுங்க, போதும்.

காயத்ரி: ஆமாண்ணா, போட்டு விட்ருங்க. காரணம் எதுக்கு?

மாரப்பன்: அதிசயமா ரெண்டு பேரும் ஒரே பேச்சுப் பேசறீங்க... ஆனா, காரணம் தெரியாமப் போட்டா அடுத்த மாசமே மறுக்கா நடுங்கும். இங்க பாருங்க, முடி மாதிரி கீறல். கொதிக்கற டிஸ்க்குமேல யாரோ பச்சத்தண்ணி ஊத்தியிருக்காங்க. உடனே கோணிப்போச்சு. அதுதான் நடுங்குது.

சிவகுரு: தண்ணியா? நான் ஊத்தல.

மாரப்பன்: மலையெறங்கறவங்க பண்ற வேலைங்க இது. பாதி வழியில, பர்லியாறுல நிறுத்திப் பாப்பாங்க, சக்கரத்துல பொக வரும். பயந்துட்டு பாட்டில் தண்ணியக் கவுத்துருவாங்க. பொக வந்தா சும்மா நிறுத்தி ஆறவிட்டாப் போதுமுங்க.

காயத்ரி: பொக வந்தா தீப்புடிச்சுக்கும்னு தோணுமா தோணாதா? நானென்ன மெக்கானிக்கா...

சிவகுரு: நீயா?

காயத்ரி: வாய் தவறி...

சிவகுரு: உனக்கு எங்க ஓட்டத் தெரியும்?

காயத்ரி: லைசென்ஸ் எடுத்து ஏழு வருசமாச்சு. நீங்க ஒரு நாளாச்சும் சாவியக் குடுத்தீங்களா? கிருத்திக்தான் சொல்லிக்குடுத்தான்.

சிவகுரு: மலைப்பாதையில... தனியாவா?

காயத்ரி: தனியாத்தான். வியாழக்கெழமைல. மூணு தடவ போனேன். எம்பட பையனப் பாக்க.

மாரப்பன்: அம்மா, தப்பா நெனைக்காதீங்க... நல்லகாலம் நின்னீங்க. பிரேக் ஆயில் கொதிச்சிருந்தா, இன்னும் ரெண்டு வளைவுல பெடல் தரைக்கே போயிருக்கும். மிதிச்சாலும் வண்டி நின்னிருக்காது.

சிவகுரு: மாரப்பன், ஒரு ஸ்டூல் போடுங்க.

காயத்ரி: எதுக்கு இப்ப மொகத்த அப்படி வெச்சுக்கறீங்க? திட்டறதுன்னா திட்டிக்கோங்க.

சிவகுரு: திட்டல. நீ அங்க நடுரோட்டுல நின்னுட்டிருக்கற... எனக்கு ஒண்ணும் தெரியாம ஆபீஸ்ல டீயக் குடிச்சுத் துப்பிட்டிருக்கறேன். பயமா இருக்குது காயத்ரி.

மாரப்பன்: ஒரு நிமிசமுங்க. எறங்கறப்ப எந்த கியர்ல வந்தீங்க?

காயத்ரி: ரெண்டாவதுலதான். மேல மாத்தவே மாட்டேன். கிருத்திக் அப்படித்தான் பழக்குனான்.

மாரப்பன்: அப்பக் கணக்கு ஒதைக்குதுங்களே.

காயத்ரி: என்ன கணக்கு?

மாரப்பன்: சித்திரையில நானே புது பிரேக் பேடு போட்டனுங்க. இப்ப ஐப்பசி. பாருங்க, தகடு தெரியற அளவுக்குத் தேஞ்சு போச்சு. ரெண்டாவது கியர்ல மூணே தடவ எறங்குனா இவ்வளவு தேயுமுங்களா? இது டாப் கியர்ல, பிரேக்குமேல வெச்ச கால எடுக்காம, இருவது இருவத்தஞ்சு தடவ மலையெறங்குன வண்டி. பேடு ஏற்கனவே தேஞ்சு கெடந்ததாலதான் அன்னைக்கு உங்களுக்குப் பொக வந்திருக்குது.

காயத்ரி: இருவத்தஞ்சு தடவயா? சத்தியமா மூணுதான் போனேன்.

மாரப்பன்: நீங்க சொல்றது நெசமுங்க. பேடும் அதத்தான் சொல்லுது.

சிவகுரு: மாரப்பன், பேடு சொல்றதெல்லாம் போதும். எத்தன மணிக்கு வண்டி கெடைக்கும்?

மாரப்பன்: ரெண்டு பக்கமும் டிஸ்க், பேடு, பிரேக் ஆயில், எல்லாத்தயும் மாத்தி நாளைக்குச் சாயங்காலம் தந்தர்றனுங்க. யாரு ஓட்டுனாலும் ரெண்டாவது கியர்ல எறங்கச் சொல்லுங்க.

காயத்ரி: யாரு ஓட்டுனாலும்... ஏனுங்க, இங்க பாருங்க. என்ற மொகத்தப் பாத்துச் சொல்லுங்க. வாராவாரம் சனிக்கெழம டேஸ்ட்டிங், டேஸ்ட்டிங்னு போறீங்களே... எங்க போயி, என்னத்த டேஸ்ட் பண்றீங்க?

சிவகுரு: ...சிக்கரி கொஞ்சம் தூக்கலா இருக்குது காயத்ரி. ஒவ்வொரு வாரமும் சொல்றேன், உன்ற பையன் கேக்கவே மாட்டேங்கறான்.