அரைக் கட்டை

எலுமிச்சைத் தேநீர் எனக்கு நன்றாகப் போட வரும். எங்கள் ஸ்டூடியோவில் பாடிய யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

டெட்ராய்ட்டில் நானும் வெண்டல் ப்ரூட்டும் சேர்ந்து சோல் என்கிற உருக்கமான காதல் பாட்டுகள் செய்தோம். வரிகள் அவனுடையவை. மெட்டும் ஒலிப்பதிவும் என் பொறுப்பு. எங்கள் வெற்றியின் ரகசியம் எளியது: பாடுகிறவருக்கு வசதியான சுருதியை வைக்கக் கூடாது. அரைக் கட்டை ஏற்றினால் குரல் எட்டிப் பிடிக்கத் தவிக்கும். அந்தத் தவிப்பைத்தான் ஜனங்கள் காதல் என்கிறார்கள்.

எர்லீன் டாக்கெட் தேவாலயத்தில் பாடி வளர்ந்தவள். அங்கே சுருதி அதிகமானால் ஆர்கன்காரருக்குக் கட்டைவிரலைக் கீழே காட்டுவார்கள், அவர் இறக்கிவிடுவார். பாடும் அறையின் கண்ணாடிக்கு அப்பாலிருந்து எனக்கும் காட்டினாள்.

"ஓசெல், கொஞ்சம் இறக்குய்யா. நான் பாட வந்தேனா, கூரை மேய வந்தேனா?"

"இறக்கிட்டேன், சிஸ்டர்."

"இதுவா? உன் வீட்டு மாடிப்படில நீ இறங்குறப்ப மொட்டை மாடிக்குத்தான் போவ போல."

வெண்டல் விழுந்து விழுந்து சிரித்தான். வாத்திய இசை முன்பே பதிவான ஒலிநாடாவில் இருந்தது. நாடாவின் வேகம் கூடினால் சுருதியும் கூடும். நான் வேகக் குமிழை இன்னும் சற்று ஏற்றித் திருகினேன்.

அன்று அவளுடைய டாக்டர் போன் செய்தார். நான்தான் எடுத்தேன். குரல்நாணில் ரத்தம் கசிகிறது, இனி பாடினால் குரலே போய்விடும், உடனே நிறுத்தச் சொல்லுங்கள் என்றார். சொல்வதாகச் சொன்னேன்.

"டாக்டரா? என்னவாம்?"

"வெறும் சளியாம்."

தேநீர் கொடுத்தேன். தேன் தாராளமாக. கடைசி வரியில் அவள் குரல் துணி கிழிவதுபோல் உடைந்தது. அப்படியே பதிவாயிற்று. அந்த உடைசலுக்காகத்தான் ஊரே அந்த இசைத்தட்டை வாங்கியது. தன் வரிகள் நெஞ்சைத் தொட்டு அவள் அழுததாக வெண்டல் இன்றும் நம்புகிறான். வரி எழுதுகிறவர்கள் அப்படித்தான்.

எர்லீன் பிறகு பாடவில்லை. பேச்சும் வெறும் காற்றாகத்தான் வருகிறது. என்மேல் அவளுக்கு வருத்தமில்லை. இருந்தால் மகளை என்னிடமே அழைத்து வருவாளா?

ரெனிட்டாவுக்குத் தாயைவிட நல்ல குரல். நேற்று முதல் பதிவு. தேநீர் போட்டு வைத்திருந்தேன். பாதிப் பாட்டில் எர்லீன் என் கையைத் தொட்டுக் கட்டைவிரலைக் கீழே காட்டினாள். தலையாட்டிவிட்டுக் குமிழைத் திருகினேன்.

என்ன செய்வது, யாரையும் கீழே இறக்கி எனக்குப் பழக்கமில்லை. தூக்கிவிட்டுத்தான் பழக்கம்.